முதுகில் ஒரு வில்

மடக்குக் கத்தியை மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கத்தி சேர்ப்பவர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே தரத்தைச் சொல்லிவிடுவார்கள். சத்தம் மந்தமாக இருந்தால், அலகு தொளதொளவென்று திறந்தால், உடனே ஒரு புகார் வரும்: "இப்போதெல்லாம் மட்டமான எஃகு போடுகிறார்கள்." இந்தப் பழியை எஃகு பெரும்பாலும் வீணாகத்தான் சுமக்கிறது.

பழைய பாணி மடக்குக் கத்தியில் பூட்டு கிடையாது. கைப்பிடியின் முதுகோடு ஓர் எஃகுப் பட்டை ஓடும்; அதுதான் ஸ்பிரிங். அதன் ஒரு முனையையும் நடுப்பகுதியையும் ஆணியடித்து இறுக்கியிருப்பார்கள். மறுமுனை மட்டும் அசையும். அசையும் அந்த முனை, அலகின் அடிப்பகுதியை ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கும். அலகின் அடி ஏறக்குறையச் சதுரம். கத்தி மூடியிருக்கும்போது சதுரத்தின் ஒரு பக்கம் பட்டையில் படிந்திருக்கும். முழுக்கத் திறந்தால் வேறொரு பக்கம். நடுவில் திருப்பும்போது சதுரத்தின் மூலை பட்டையைத் தூக்குகிறது. மூலை தாண்டியதும் பட்டை சட்டென்று இறங்கி அறைகிறது. சத்தம் அங்கே பிறக்கிறது.

பட்டை சும்மா இருக்கும்போதும் நிமிர்ந்து ஓய்வாக இருப்பதில்லை. கொஞ்சம் வளைவு கொடுத்துச் செய்து, கத்தியைக் கோர்க்கும்போது அந்த வளைவை அமுக்கி ஆணி அடிக்கிறார்கள். ஆகவே மேசை இழுப்பறையில் பல ஆண்டுகள் கிடக்கும் கத்திக்குள்ளும் ஒரு வில் நாண் ஏறியபடியே இருக்கிறது. அந்த முன்அழுத்தம் இல்லாவிட்டால் அலகு சட்டைப்பைக்குள் தானாகத் திறந்துகொள்ளும்.

அழுத்தத்தின் அளவு எதைப் பொறுத்தது? அகலத்தை இரட்டிப்பாக்கினால் பட்டையின் விறைப்பும் இரட்டிப்பாகும். இதில் ஆச்சரியம் இல்லை. வளையும் திசையில் உள்ள கனம்தான் ஆட்டத்தை மாற்றுகிறது. விறைப்பு அந்தக் கனத்தின் மும்மடியைப் பின்பற்றுகிறது. 3 மில்லிமீட்டர் பட்டையை 2.7 ஆகத் தேய்த்தால் கனம் குறைந்தது 10 சதவீதம்தான். விறைப்போ 27 சதவீதம் போய்விடும். நீளமும் இப்படியே, தலைகீழாக. வளையும் பகுதியை 20 சதவீதம் நீட்டினால் விறைப்பு 42 சதவீதம் சரியும். ஒரே மாதிரிக் கத்தியில் ஒன்று நகத்தைப் பெயர்ப்பதும் இன்னொன்று குழந்தை திறக்கும்படி இருப்பதும் இதனால்தான். அரம் சற்றுக் கூடுதலாக ஓடியிருக்கும், அவ்வளவே.

எஃகுக்கு இதில் என்ன பங்கு? ஓர் எஃகைப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்தி, எத்தனை கடினமாக்கினாலும் அதன் விறைப்பு ஏறக்குறைய மாறுவதே இல்லை. மெத்தென்ற எஃகு, கடின எஃகு, துருப்பிடிக்காத எஃகு எல்லாவற்றிலும் விறைப்பைக் குறிக்கும் மீள்மைக் குணகம் சுமார் 200 கிகாபாஸ்கல்தான். பதப்படுத்துவதால் கிடைப்பது வேறு: எவ்வளவு தூரம் வரை வளைத்தாலும் பழைய வடிவுக்குத் திரும்பும் என்ற எல்லை நீள்கிறது. பதம் ஏறாத பட்டையும் முதலில் அதே விசையோடுதான் எதிர்க்கும். ஆனால் சீக்கிரமே வளைந்தபடி நின்றுவிடும். கத்தி அலகை இரண்டாம் முறை 200 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே சூடாக்கினால் போதும், கூர்மை நிற்கும். ஸ்பிரிங்கை 300 டிகிரியை ஒட்டி, மேற்பரப்பில் நீலம் படரும்வரை கொண்டுபோவார்கள். கடினம் கொஞ்சம் குறையும், ஒடியாத குணம் வரும்.

அப்படியானால் பட்டையைத் தடிமனாக்கிவிட்டால் என்ன? ஒரே உயரத்துக்கு வளைக்கும்போது, தடித்த பட்டையின் விளிம்பு மெல்லிய பட்டையின் விளிம்பைவிட அதிகமாக இழுபடுகிறது. லாரியின் அடியில் ஒற்றைத் தடிப்பட்டை வைக்காமல் மெல்லிய பட்டைகளை அடுக்குவதும் இதே காரணத்தால்தான். கத்தியில் அடுக்க இடமில்லை. ஆகவே விறைப்பைக் கூட்டக் கூட்ட, நடு ஆணித் துளையருகே விரிசல் விடும் அபாயமும் கூடும். அடங்காத ஸ்பிரிங்கை முரட்டுத் தரம் என்று புகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அலகின் அடியைச் சதுரமாக வைத்தால் பாதி வழியில் அலகு ஒருமுறை நின்று நகரும்; மூடும்போது விரலுக்கு ஓர் எச்சரிக்கை. மூலைகளை உருட்டிவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். நகக்குழியை ஆணியிலிருந்து தள்ளி வெட்டினால் அதே ஸ்பிரிங் இலகுவாகத் தோன்றும். விசையைத் தொடாமலே உணர்வை மாற்றும் இந்த உத்திகளில்தான் கைத்திறன் தெரிகிறது.

ஆனால் ஸ்பிரிங்கே நல்ல எஃகுக்காக ஏங்கிய காலமும் உண்டு. பழைய எஃகில் கசடு கலந்து கிடக்கும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். இங்கிலாந்தின் டான்காஸ்டரில் கடிகாரம் செய்துவந்த பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன், கடிகார ஸ்பிரிங்குக்கு நம்பகமான எஃகு வேண்டும் என்று தேடி, 1740களில் ஷெஃபீல்டை ஒட்டிய ஹாண்ட்ஸ்வொர்த்தில் எஃகை மூசையில் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். உருகியதும் கசடு மேலே மிதந்து பிரிந்தது. எஃகு முழுக்க ஒரே சீரானது. ஷெஃபீல்டு கத்திக்காரர்கள் முதலில் அதை வேண்டாமென்று ஒதுக்கினார்களாம். பிற்பாடு அந்த ஊரின் பெயரே அந்த எஃகால் பரவியது.

வடிவமைப்பில் அடுத்த பெரிய தாவல் சுவிட்சர்லாந்தின் ஈபாக் கிராமத்தில் நடந்தது. ஒரு கத்தியில் கருவிகள் கூடினால் ஸ்பிரிங்குகளும் கூடும், கைப்பிடி பருக்கும். அங்கே கத்தி செய்துவந்த கார்ல் எல்செனர் ஒரே பட்டையின் இரு பக்கங்களையும் வேலை வாங்கினார். முன்பக்கக் கருவிகள் பட்டையின் முனைகளைத் தள்ள, முதுகுப்பக்கத் தக்கைத் திருகி அதே பட்டையின் நடுவில் அழுந்தியது. 1897இல் அவர் பதிவு செய்த ராணுவ அதிகாரிகளுக்கான கத்தியில் ஆறு கருவிகள், ஸ்பிரிங்குகள் இரண்டே. இன்று உலகமெங்கும் சிவப்புக் கைப்பிடியோடு விற்கும் கத்திக்கு அதுதான் மூலம். பிரான்ஸின் சவோயில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்த கத்தியோ ஸ்பிரிங்கையே ஒதுக்கிவிட்டு, மரப்பிடியின் உராய்வை மட்டும் நம்பியது. அலகைப் பூட்டும் வளையம் அதற்கு 1955இல்தான் வந்தது.

பூட்டு வந்த பிறகும் பூட்டில்லாத கத்தி மறையவில்லை. பிரிட்டனில் சட்டமே அதைக் காப்பாற்றுகிறது. அங்கே 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டிக்கொள்ளும் கத்திக்கு இந்தச் சலுகை இல்லை என்று பிற்பாடு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.