ரயில் அட்டவணையில் படித்த ஆங்கிலம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்தில் எண்பது மதிப்பெண் எடுத்த பிள்ளைதான். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் பேராசிரியர் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் வாய் திறக்க மறுக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படித்த பிள்ளை அது. போயம், பாராகிராஃப், கிராமர் எல்லாம் நெட்டுரு. ஆனால் தானாக யோசித்த ஒன்றை அந்த மொழியில் சொல்லச் சொல்லி, இத்தனை வருடத்தில் யாரும் அந்தப் பிள்ளையைக் கேட்டதில்லை. இந்த ஒரு குறையை ஆங்கில ஆசிரியர் தன் வகுப்பிலேயே போக்க முடியும். அப்படிச் செய்து பார்த்த இடங்களில் சென்னையும் கடலூரும் உண்டு.

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, பெங்களூரு மண்டல ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து 1979-ல் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். பெங்களூரு, சென்னை, கடலூர் பள்ளிகளில் சில வகுப்புகளில் 1984 வரை அது நடந்தது. அந்தக் காலத்தில் நம் பள்ளிகளில் வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, வகுப்பு முழுவதையும் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பார்கள். பிரபு அதை ஒதுக்கிவைத்தார். பிள்ளைகள் கையில் ரயில் கால அட்டவணையைக் கொடுத்தார். இந்த ரயில் அந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வரும், அங்கே எவ்வளவு நேரம் நிற்கும், இதைவிட்டால் அடுத்தது எது? கேள்விகள் ஆங்கிலத்தில் வரும். பிள்ளையின் கவனமோ விடையில் இருக்கும். இன்னொரு நாள் ஊர் வரைபடம். மற்றொரு நாள், ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல உருவம் வரைய வேண்டும்.

பாடத்தின் நடையும் எளிமையானது. முதலில் இப்படிப்பட்ட ஒரு வேலையை ஆசிரியர் வகுப்போடு பேசிப் பேசிச் செய்து காட்டுவார். பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனித்தனியே எழுதுவார்கள். விடை சரியா என்று பார்த்தே மதிப்பெண். வேலை எவ்வளவு கடினமாக இருக்கலாம் என்பதற்குப் பிரபு வைத்த அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தது: வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர், அந்த வேலையில் பாதியாவது சரியாகச் செய்துவிட வேண்டும். யாருக்குமே வராததும் வீண், எல்லாருக்கும் சட்டென்று வருவதும் வீண்.

1985-ல் ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வகுப்புகளைப் பழைய முறை வகுப்புகளோடு ஒப்பிட்டு எழுதினார்கள். வாக்கிய அமைப்பை மட்டும் சோதித்த தேர்வில் பழைய முறைப் பிள்ளைகளே முந்தினார்கள். கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் பிரபுவின் பிள்ளைகள் முன்னால் நின்றார்கள். எதைப் பழக்கினோமோ அது வந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு எது வேண்டும் என்பதுதான் நாம் முடிவு செய்ய வேண்டியது.

பிரபுவின் வகுப்புகளிலிருந்து இன்றைய ஆசிரியர் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம், அங்கே பிழையைக் கையாண்ட விதம். 'ட்ரெய்ன் கோ டென் ஓ கிளாக்' என்று ஒரு சிறுமி சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நேரம் சரி, வாக்கியம் தவறு. 'யெஸ், தி ட்ரெய்ன் கோஸ் அட் டென் ஓ கிளாக்' என்று ஆசிரியர் இயல்பாகத் திருப்பிச் சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். விதியை விளக்கப் பாடத்தை நிறுத்த வேண்டாம், அவளை எழுப்பி நிற்கவைக்க வேண்டாம். சரியான வடிவம் காதில் விழுந்தது. சொன்ன விஷயத்துக்கு மரியாதையும் கிடைத்தது. நாளைக்கும் கை தூக்குவாள். முதல் முறை வாய் திறந்தபோது வகுப்பே சிரிக்கக் கேட்ட பிள்ளை, பள்ளி முடிகிற வரை மௌனமாகிவிடுகிறது. இதைவிடப் பெரிய இழப்பு ஆங்கில வகுப்பில் வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

அடுத்தது, வேறோர் ஆய்வு சொல்வது: காத்திருப்பது. 1970-களில் அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு வர வேண்டிய பிள்ளைக்கு மூன்று விநாடியே போதாது. ஒரு வார்த்தை தமிழில் விழுந்தால் விழட்டும். அதை ஆசிரியர் ஆங்கிலமாக்கிக் கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. சிலபஸ் முடிக்க வேண்டும், எமிஸ் தளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவேற்ற வேண்டும், மெல்ல மலரும் மாணவர்களைத் தேர்ச்சி பெறவைக்க வேண்டும். அவர்கள் தோளில் அலுவலக வேலையை ஏற்றிவிட்டு வகுப்பில் புதுமை கேட்பது அநியாயம். ஆனால் நான் சொல்வதற்குத் தனி பீரியட் தேவையில்லை. பத்தாம் வகுப்பு வினாத்தாளில் 'ரோட் மேப்' கேள்வி இருக்கிறதே, அது பிரபு கொடுத்த வேலையேதான்: வழி தெரியாதவருக்கு வழி சொல்ல வேண்டும். அதற்கும் நாம், எந்த மேப் வந்தாலும் இதை எழுதிவிடு என்று 'கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் லெஃப்ட்' என நான்கு வரி மனப்பாடம் செய்யவைக்கிறோம். போக வேண்டிய இடம் வலப்பக்கம் இருந்தாலும் பிள்ளை இடப்பக்கமே திருப்பிவிடுகிறது.

அந்தக் கேள்வியை ஆறாம் வகுப்பிலேயே தொடங்கலாம். கரும்பலகையில் தங்கள் ஊரையே வரையட்டும்: பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, கோயில், பள்ளிக்கூடம். கண்ணைக் கட்டிய ஒருவனை, மற்றவர்கள் ஆங்கிலத்தில் மட்டும் வழி சொல்லி, பெஞ்சுகளுக்கு இடையே கதவுவரை நடத்திப் போகட்டும். தவறாகச் சொன்னால் அவன் பெஞ்சில் இடித்துக்கொள்வான். லெஃப்ட் எது, ரைட் எது என்று அங்கே ஆசிரியர் விளக்க வேண்டியதில்லை. கடைசி வரிசைப் பிள்ளைகள் உட்பட எல்லாரும் கத்திச் சொல்வார்கள்.