பொருநை மண் – 9: ஜிப்சமா, சுண்ணாம்பா?

போன வாரம் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, கடைமடையின் களர் நிலத்தைப் பார்த்தோம். ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி, வடித்து எடுக்கிற வைத்தியம் அதற்கு. இந்த வாரம் ஆற்றின் மறுமுனைக்குப் போவோம்.

பாபநாசம், மணிமுத்தாறு பக்கத்து மலையடிவாரச் செவல் நிலங்களில் நிலைமை நேர்மாறாக இருக்க வாய்ப்பு உண்டு. மலைமழை ஆண்டாண்டாக மண்ணில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போக, மண்ணில் புளிப்பு ஏறுகிறது. தேயிலைக்கு அது பிடிக்கும், பி.எச். 4.5 முதல் 5.5 வரை அதற்குச் சுகம். மேலே மாஞ்சோலையில் தேயிலை வளர்ந்த மண் அப்படிப்பட்டது. கரும்புக்கு 6.5 முதல் 7.5 வரை வேண்டும். ஓரளவு புளிப்பைக் கரும்பு தாங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் பி.எச். 6.5-லிருந்து 5.5-க்கு இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று பொருள். அதற்கும் கீழே போனால் மண்ணில் கட்டுண்டு கிடந்த அலுமினியம் கரைந்து வேரைத் தாக்குகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு தூரைத் தோண்டிப் பாருங்கள்: வேர் நுனி தடித்து, பழுப்பேறி, பக்கவேர் விடாமல் கட்டையாக நிற்கும். போட்ட மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். டி.ஏ.பி. மூட்டை மூட்டையாகப் போட்டும் தூர் கட்டவில்லை என்றால் இதையும் ஒரு காரணமாக நினைத்துப் பார்க்க வேண்டும்.

மழை மட்டும் இதைச் செய்வதில்லை, நாமும் செய்கிறோம். 100 கிலோ அம்மோனியம் சல்பேட் மண்ணில் உண்டாக்கும் அமிலத்தை முறிக்க ஏறத்தாழ 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். 100 கிலோ யூரியாவுக்குச் சுமார் 80 கிலோ. தழைச்சத்தை வாரிக் குடிக்கிற பயிர் கரும்பு. மறுதாம்பு மேல் மறுதாம்பாக விட்டு, தொழு உரமும் போடாமல் யூரியாவையே நம்பினால், செவல் நிலம் எத்தனை ஆண்டு தாங்கும்?

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. மண் சரியில்லை என்றாலே ஜிப்சம் என்று பழகிவிட்டோம். களருக்கு அது மருந்து. அமில மண்ணின் பி.எச்.-ஐ ஜிப்சம் உயர்த்தாது. அடிமண்ணுக்குக் கால்சியத்தைக் கொண்டுபோய், அலுமினியத்தின் நஞ்சைத் தணிக்கும், அவ்வளவுதான். அமிலத்தை முறிப்பது சுண்ணாம்பு. மக்னீசியமும் குறைவாக இருந்தால் டோலமைட். சுட்ட சுண்ணாம்புக்கு வேகம் அதிகம்; 100 கிலோ கல் தூள் செய்யும் வேலையை 56 கிலோ செய்துவிடும்.

அந்தக் கல்லுக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. 1949-ல் இந்தியா சிமெண்ட்ஸ் தன் முதல் ஆலையைத் தாழையூத்தில் தொடங்கியது அங்கே சுண்ணாம்புப் பாறை கிடந்ததால்தான். கடலோரத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பு உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் எட்மண்ட் ரஃபின் என்பவர் இதே போலப் பழங்கிளிஞ்சல் படிந்த மண்ணை வெட்டிப் போட்டு, சத்திழந்த வயல்களை மீட்டு, 1832-ல் அதை நூலாக எழுதினார். அந்த வெட்டு வேலை அத்தனையும் அடிமைகள் செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சர்க்கரை ஆலையிலிருந்து வரும் பிரஸ்மட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கார்பனேஷன் முறையில் சாறு தெளிய வைக்கும் ஆலையின் கழிவில் சுண்ணாம்பு நிறைய இருக்கும்; அமில மண்ணுக்கு அதுதான் பொருத்தம். நம் நாட்டு ஆலைகள் பெரும்பாலும் சல்பிடேஷன் முறை. அந்தக் கழிவு நல்ல எருதான், ஆனால் சுண்ணாம்புக்கு மாற்றாகாது. ஏற்றுமுன் எந்த முறை என்று ஆலையில் கேளுங்கள்.

சுண்ணாம்பைக் கரணை நடுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே தூவி, ஈரத்தில் உழுது கலக்க வேண்டும். மறுதாம்பில் ஆழமாகக் கலக்க வழியில்லை. ஆகவே புது நடவின்போதே செய்துவிடுவது நல்லது. யூரியாவோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். கை தாராளமும் கூடாது. அளவு மிஞ்சினால் இரும்பும் துத்தநாகமும் பயிருக்குக் கிடைக்காமல் இளந்தோகை வெளிறிவிடும். எவ்வளவு என்பது மண்ணைப் பொறுத்தது: மணல் சேர்ந்த மண்ணுக்குக் குறைவு, களிக்கு அதிகம். பக்கத்து வயலின் கணக்கு உங்களுக்கு உதவாது.

அதனால் மண்ணை எடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் வேண்டாம். வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் மேல் சருகை ஒதுக்கி, மண்வெட்டியால் ஆங்கில ‘வி’ வடிவில் குழி வெட்டுங்கள். நெல்லுக்கு 15 செ.மீ. போதும், கரும்புக்கு 22.5 செ.மீ. வேண்டும். குழியின் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குலக் கனத்துக்குச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் சுத்தமான சாக்கில் கொட்டிக் கலந்து பரப்புங்கள். நான்காகப் பிரித்து எதிரெதிர் மூலையைத் தள்ளிவிடுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே செய்து, நிழலில் உலர்த்தி, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். சுண்ணாம்புத் தேவையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்; பி.எச். எண் மட்டும் தெரிந்தால் எத்தனை மூட்டை என்று முடிவு செய்ய முடியாது.

மாசிப் பட்டத்தில் கரும்பு நட இருப்பவர்கள் மார்கழிக்குள் மண்ணைக் கொடுத்துவிட வேண்டும். முடிவு கையில் வரும்வரை சுண்ணாம்பும் வாங்காதீர்கள், ஜிப்சமும் வாங்காதீர்கள்.