திகதிகளை எக்ஸெல்லிலேயே விட்டுவிடுங்கள்

நம் வியாபாரிகளுக்கு இப்போது எல்லாமே எக்ஸெல்தான். ஸ்டொக்கும் அதில், கடன் கணக்கும் அதில், கடை கட்டும்போது கொந்தராத்துக்காரர் தரும் வேலைப் பட்டியலும் அதில். செலவைக் கூட்டிப் பார்க்க அது போதும். ஆனால் கூரை வேலை பத்து நாள் பிந்தினால் கடை திறக்கும் நாள் எங்கே போய் நிற்கும் என்று அந்தப் பட்டியல் சொல்லாது. நோன்பு மாத வியாபாரத்தை நம்பிச் சரக்குக்கு முற்பணம் கட்டியவருக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான்.

இதற்கென்றே மைக்ரோசொஃப்ட் ப்ரொஜெக்ட் என்ற மென்பொருள் உண்டு. என் களஞ்சியம் கட்டும்போது அதைத்தான் பாவித்தேன். பட்டியலை மறுபடி தட்டத் தேவையில்லை. எக்ஸெல் கோப்பை ப்ரொஜெக்டில் திறந்தால் 'இம்போர்ட் விசார்ட்' வந்து, உங்கள் நிரல்களில் எது அதன் எந்த நிரலுக்குப் பொருந்தும் என்று கேட்கும். வேலையின் பெயர், எடுக்கும் நாட்கள், எந்த வேலை முடிந்தபின் இது தொடங்கும் என்ற மூன்றையும் காட்டிக்கொடுத்தால் போதும். முந்திய வேலையைப் பெயரால் எழுதக்கூடாது, வரிசை இலக்கத்தால் எழுதவேண்டும். அத்திவாரத்துக்கு 1, 2, 3 என்றும் கூரைக்கு மீண்டும் 1, 2, 3 என்றும் போடும் பழக்கம் இங்கே ஒத்துவராது. இலக்கம் ஒரே ஓட்டமாகப் போகவேண்டும்.

பலர் தொடக்கத் திகதிகளையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு திகதியைக் கொடுத்தால், 'இந்த நாளுக்கு முன் தொடங்கக்கூடாது' என்ற கட்டுப்பாடாக ப்ரொஜெக்ட் அதை எடுத்துக்கொள்ளும். முந்திய வேலை ஒரு வாரம் முன்னதாக முடிந்தாலும் அடுத்தது முன்னுக்கு வராது. இலக்கத் தொடர்பும் இல்லையென்றால் எது பிந்தினாலும் அசையாது. எக்ஸெல்லுக்குப் படம் போட்டதுதான் மிச்சம். போதாததற்கு, கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 03/04 என்பதை மார்ச் 4 என்று வாசிக்கும். திட்டம் தொடங்கும் நாளை மட்டும் கையால் கொடுங்கள். 2010 பதிப்பு முதல் புதிய வேலைகள் 'மெனுவல்' முறையிலேயே வரும். அதை 'ஓட்டோ'வுக்கு மாற்றவும் மறக்கவேண்டாம்.

கலண்டரையும் பாருங்கள். அதில் திங்கள் முதல் வெள்ளி வரைதான் வேலைநாள். நம் மேசன்மார் சனிக்கிழமையும் வருவார்கள், போயாவுக்கு வரமாட்டார்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவார்கள். பெருநாளையும் நாம்தான் குறிக்கவேண்டும். கொங்கிரீட்டுக்கு மட்டும் லீவு கிடையாது. அது போயாவிலும் ஞாயிறிலும் இறுகும். ஆகவே தண்ணீர் விட்டு நனைத்து வைக்கும் 7 நாளை, 7க்குப் பின்னால் 'ஈ', 'டீ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து எழுதினால், லீவு நாட்களையும் சேர்த்து எண்ணும்.

காசு கொடுத்து வாங்க விருப்பமில்லாதவர்களுக்கு கான்ட் ப்ரொஜெக்ட் என்ற இலவச மென்பொருள் உண்டு. எக்ஸெல் பட்டியலை சீ.எஸ்.வீ. கோப்பாகச் சேமித்தால் அதில் ஏற்றலாம்.

எதில் ஏற்றினாலும், கூரை வரியில் பத்து நாளை இருபதாக்கிப் பாருங்கள். கடைசி வரியின் திகதி நகராவிட்டால் பெரும்பாலும் எங்கோ ஒரு தொடர்பு விடுபட்டிருக்கும். சரக்குக்கு முற்பணம் கட்டுமுன் அதைத் தேடிப் பிடியுங்கள்.