பழைய ஜப்பானியக் கார்களைப் புதுப்பித்தல்

பழைய காரைப் புதுப்பிப்பது என்று சொன்னவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இயந்திரம்தான். பானெட்டைத் திறந்து, இயந்திரத்தை இறக்கி, பிஸ்டன்களையும் வால்வுகளையும் மாற்றிப் பூட்டிச் சாவியைத் திருப்பியதும் அது உறுமினால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். பட்டறை நடத்துபவர்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். இயந்திரம் ஓடாததால் பாதியில் நின்றுபோன வேலைகள் குறைவு. தகடு துருப்பிடித்துப் போனதாலும், விரலளவு ரப்பரோ பிளாஸ்டிக்கோ கிடைக்காததாலும் நின்றுபோனவைதாம் அதிகம். இது ஏன் என்பதை டட்சன் 240 இசட் என்னும் ஒரு காரை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

1969ஆம் ஆண்டு அக்டோபரில் நிசான் நிறுவனம் இந்தக் காரை ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்னும் பெயரில் அறிமுகப்படுத்தியது. மறு ஆண்டு அது அமெரிக்காவுக்குப் போனபோது டட்சன் 240 இசட் ஆயிற்று. அங்கே நிசானின் விற்பனையைக் கவனித்துவந்த யுத்தாக்கா கத்தாயாமா, சீமாட்டியின் பெயர் கொண்ட ஸ்போர்ட்ஸ் காரை அமெரிக்கர்கள் வாங்கமாட்டார்கள் என்று கருதி அந்தப் பெயரை ஒதுக்கினார். 105 வயதுவரை வாழ்ந்து 2015இல் காலமான இவரை இசட் காரின் தந்தை என்றே இன்றும் அழைக்கின்றனர். காரின் விலை 3,526 டாலர். அதே வேகமும் அழகும் உள்ள ஐரோப்பியக் கார்களை அந்த விலைக்கு வாங்க முடியாது. 2,393 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்களும் கொண்ட அதன் இயந்திரம், 151 குதிரைத் திறன் கொண்டதாக விளம்பரப்படுத்தப்பட்டது. 1971இலும் 1973இலும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ரேலியை இந்தக் கார் வென்றது. 1973இல் அதை ஓட்டி வென்றவர் உகாண்டாவில் பிறந்த, இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா என்பது நம் நேயர்களுக்குச் சற்று மகிழ்ச்சி தரக்கூடிய செய்தி.

ஒரு பழைய காருக்குப் பாகம் கிடைக்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, அந்தக் கார் எத்தனை எண்ணிக்கையில் வெளிவந்தது என்பதே. 240 இசட்டும், அதைத் தொடர்ந்து 1978 வரை வந்த 260, 280 வகைகளும் சேர்ந்து ஐந்து இலட்சத்திற்கும் மேல் விற்பனையாயின. அதோடு, அதன் இயந்திரம் தனிப் பிறவியன்று. டட்சன் 510 என்னும் சாதாரணக் குடும்பக் காரில் இருந்த நான்கு சிலிண்டர் இயந்திரத்தோடு இரண்டு சிலிண்டர்களைக் கூட்டியதைப் போன்றது அது. சிலிண்டரின் விட்டம் இரண்டிலும் 83 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 73.7 மில்லிமீட்டர். ஆகவே கேஸ்கெட், பேரிங், வால்வு, எண்ணெய் பம்பு என்று கேட்டால் இன்றும் எங்காவது கிடைத்துவிடும். ஒன்றுமே தேறவில்லை என்றாலும் பின்னாளில் வந்த 2.8 லிட்டர் இயந்திரத்தை அதே இடத்தில் பெரிய மாற்றமின்றிப் பொருத்தலாம்.

இதே உடலமைப்பில் 432 என்று இன்னொரு கார் ஜப்பானில் விற்கப்பட்டது. ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வுகள், மூன்று கார்புரேட்டர்கள், இரண்டு கேம்ஷாஃப்டுகள். அதுவே பெயரின் பொருள். பந்தய மரபில் பிறந்த அந்த இயந்திரம் முதல் தலைமுறை ஸ்கைலைன் ஜி.டி.ஆரிலும் இருந்தது. 432 வகையில் வெளிவந்தவை ஏறத்தாழ 420 கார்கள் மட்டுமே. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் உடன்பிறந்தவை. இயந்திரம் உடைந்தால்தான் வேறுபாடு தெரியும். ஒன்றின் உரிமையாளர் அங்காடிக்குப் போவார். மற்றவர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார், அல்லது கடைசல் பட்டறையில் புதிதாகச் செய்யச் சொல்வார்.

இனித் துருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையான போராட்டம் அங்கேதான். லாரிக்கு இருப்பதுபோல் இந்தக் கார்களுக்கு அடியில் கனத்த இரும்புச் சட்டம் தனியே கிடையாது. மெல்லிய தகடுகளை மடித்தும் பற்றவைத்தும் உண்டாக்கிய கூடே பாரம் முழுவதையும் தாங்குகிறது. தரைத் தகடு, அதன் அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவக் கம்பங்கள், கதவுக்குக் கீழுள்ள வாசற்படிப் பகுதி ஆகிய மூன்றும் சேர்ந்துதான் காரின் முதுகெலும்பு. அக்காலத்தில் துருத்தடுப்பு முறைகள் இன்றைய அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை. பெட்டிக் கம்பங்களுக்குள் நீர் புகுந்தால் வெளியேற நல்ல வழியில்லை. ஆகவே தகடு உள்ளிருந்து அரிக்கப்பட்டு வெளியே வருகிறது. சாயத்தில் ஒரு சிறு கொப்புளம் தெரிந்தால், அதன் பின்னால் உள்ளங்கையளவு ஓட்டை காத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

240 இசட் காரில் எங்கே பார்க்க வேண்டும்? முதலில் பேட்டரி தாங்கும் தட்டு. அமிலம் சிந்திச் சிந்தி அந்தத் தட்டையும் அதன் கீழுள்ள கம்பத்தையும் தின்றுவிடும். அடுத்து முன் மட்கார்டின் பின்பகுதி; சக்கரம் வாரியிறைக்கும் சேறு அங்கேதான் தங்குகிறது. பிறகு கதவுக்குப் பின்னால் வாசற்படியும் பின்சக்கர வளைவும் சந்திக்கும் மூலை, மாற்றுச் சக்கரம் வைக்கும் குழி, பின்கதவு மூடும் இடம். முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் பாதை இலைச் சருகால் அடைபட்டிருந்தால் ஓட்டுநரின் காலடித் தகடு நனைந்துகொண்டே இருக்கும். நம் நாட்டில் மழைக்குக் குறைவில்லை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கார் வாங்கப் போகிறவர் கையோடு ஒரு காந்தத்தை எடுத்துப் போவது நல்லது. மெல்லிய துணியில் சுற்றி உடல் முழுவதும் மெதுவாக நகர்த்திப் பார்க்கவேண்டும். காந்தம் பற்றாத இடத்தில் இருப்பது இரும்பன்று, சாயத்துக்கு அடியில் பூசிய புட்டி. காரை உயர்த்தி, அடியில் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் மகிழவேண்டாம். ஏன் பூசினார்கள் என்று கேளுங்கள். திருப்புளியின் பிடியால் கம்பங்களைத் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அழுகியது மொத்தென்று ஒலிக்கும். கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு சற்றே தொங்கி, பூட்டில் இடித்தால் அது கீல் தேய்மானமாக இருக்கலாம். முதுகெலும்பே தளர்ந்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

துருப்பிடித்த வாசற்படியை வெட்டி எடுக்குமுன் கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துக் கூட்டை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் கார் தன் பாரத்தாலேயே நடுவில் தொய்ந்துவிடும். பின்னர் எவ்வளவு அழகாகப் பற்றவைத்தாலும் கதவு பொருந்தாது. பழைய சாயத்தை நீக்க மணல் வீச்சு வேகமான வழிதான். ஆனால் பானெட், கதவு போன்ற அகன்ற மெல்லிய தகடுகளில் வேகமாக மணல் அடித்தால் தகடு நெளிந்துவிடும். அவற்றுக்கு இரசாயனக் கரைப்பானே ஏற்றது. வேலை முடிந்தபின் பெட்டிக் கம்பங்களின் உட்புறத்தில் துருத்தடுப்பு மெழுகைப் பீய்ச்சி நிரப்பவேண்டும். வெளியே தெரியாத வேலை என்பதால் இதைத் தவிர்த்துவிடுகிறவர்கள் உண்டு. சில ஆண்டுகளில் அதே இடத்தில் மறுபடி கொப்புளம் கிளம்பும்.

தகட்டுக்கு அடுத்தபடியாக உரிமையாளரை அலைக்கழிப்பவை உள்ளலங்காரப் பொருள்கள். 240 இசட் காரின் டேஷ்போர்டு நுரையின்மேல் வினைல் போர்த்தியது. வெயிலில் அது வெடித்துவிடும். வெடிக்காத ஒன்றைக் காண்பது அரிது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கலிஃபோர்னியா, அரிசோனா போன்ற வறண்ட மாநிலங்களில் நின்ற கார்களில் துரு குறைவு என்பதால் பலரும் அவற்றைத் தேடுகின்றனர். தகட்டைக் காப்பாற்றிய அதே வறண்ட வெயில், டேஷ்போர்டையும் கதவு ரப்பர்களையும் சுட்டெரித்திருக்கும். அமெரிக்காவில் சிறு நிறுவனங்கள் இத்தகைய பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கின்றன. ஆனால் அங்கே கார்களுக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம். நம் நாட்டுக்கு ஏற்ற டேஷ்போர்டு வேண்டுமென்றால் ஜப்பான், ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகிய இடங்களில்தான் தேடவேண்டும். காரின் கூட்டு எண்ணைப் பாருங்கள்: எச்.எஸ்.30 என்று தொடங்கினால் வலப்பக்க ஸ்டீயரிங், எச்.எல்.எஸ்.30 என்றால் இடப்பக்கம்.

பாகத்தைப் பெயர் சொல்லித் தேடுவதைவிட எண் சொல்லித் தேடுவது நல்லது. நிசான் பாக எண்ணில் பத்து இடங்கள் உண்டு. முதல் ஐந்து, பொருள் என்ன என்பதைச் சொல்லும். பின் ஐந்து, எந்த வகைக்கு உரியது என்பதைச் சொல்லும். எடுத்துக்காட்டாக 15208 என்று தொடங்கினால் எண்ணெய் வடிகட்டி. 11044 என்றால் சிலிண்டர் தலைக்கான கேஸ்கெட். இந்த முறை தெரிந்தவருக்கு, வேறொரு நிசான் காரின் பட்டியலிலும் தமக்கு வேண்டிய பொருளை அடையாளம் காணும் வாய்ப்பு உண்டு. விற்பனையாளரின் வாய்மொழியை மட்டும் நம்பி வாங்குபவர், ஒரே மாதிரித் தோன்றும் பொருந்தாத பொருளை வாங்கி அலமாரியில் அடுக்கிவைப்பார்.

ஒரு பாகத்தின் உற்பத்தி நின்றுபோனால் அதை மறுபடி செய்யச் சொல்வது எளிதன்று. தகட்டை அழுத்தும் அச்சும் பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சும் இடத்தையும் பணத்தையும் விழுங்குபவை. கேட்போர் குறைந்தபின் துணைத் தொழிற்சாலைகள் அவற்றைக் கழித்துவிடுகின்றன. எனினும் அண்மைக் காலத்தில் கார் நிறுவனங்களே இதில் அக்கறை காட்டத் தொடங்கியுள்ளன. 1989இல் வெளிவந்த ஸ்கைலைன் ஜி.டி.ஆருக்கு நிசானும் அதன் பந்தயப் பிரிவான நிஸ்மோவும் 2017 டிசம்பரில் சில பாகங்களை மறுபடி வழங்கத் தொடங்கின. மாஸ்டா நிறுவனம் தன் முதல் ரோட்ஸ்டர் காருக்குப் பாகங்களை மீண்டும் செய்ததோடு, காரையே வாங்கிப் புதுப்பித்துத் தரும் சேவையையும் ஜப்பானில் தொடங்கியது. டொயோட்டா 2020இல் சுப்ரா கார்களுக்கும், ஏறக்குறைய 350 மட்டுமே வெளிவந்த 2000 ஜி.டி. காரின் கியர்ப் பெட்டிக்கும் பாகங்கள் செய்தது. வரவேற்க வேண்டிய முயற்சிதான். ஆனால் இந்தப் பட்டியல்களில் இருப்பவை பெரும்பாலும் பெயர்பெற்ற கார்களே. நம் தந்தையர் ஓட்டிய டட்சன் 120 ஒய் காருக்கு யாரும் அச்சு வார்க்கப் போவதில்லை.

மலேசியாவில் இதற்கு வேறொரு வழி வெகுகாலமாகவே உண்டு. ஜப்பானில் கழிக்கப்பட்ட கார்களை நடுவே வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். இதற்கு ஹாஃப்கட் என்று பெயர். இயந்திரம், கியர்ப் பெட்டி, ஒயர்கள், டேஷ்போர்டு எல்லாம் ஒன்றாக வந்துவிடும். பழைய கரோலா டி.எக்ஸ். காரில் பதினாறு வால்வு இயந்திரத்தைப் பொருத்தியவர்கள் இந்தக் கடைகளின் தயவால்தான் அதைச் செய்தனர். ஹாஃப்கட் வாங்கும்போது இயந்திரத்தை மட்டும் பிரித்து வாங்குவது சிக்கனம்போல் தோன்றும். ஒயர்க் கட்டும் கணினிப் பெட்டியும் இல்லாமல் போனால், அவற்றைத் தனியே தேடும் செலவு அந்தச் சிக்கனத்தை விழுங்கிவிடும். சிலிண்டர்களின் அழுத்தத்தைக் கடையிலேயே அளந்து பார்க்கவேண்டும். எல்லாம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கவேண்டும். இயந்திரத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் முறைப்படி பதிந்துகொள்ளவும் வேண்டும். இல்லையேல் பதிவுப் பத்திரத்தில் ஓர் எண்ணும் காரில் வேறோர் எண்ணுமாக இருந்து, விற்கும் நாளில் தொல்லை வரும்.

செலவு என்னாகும்? 1990களின் பிற்பகுதியில் நிசானின் அமெரிக்கக் கிளையே பழைய 240 இசட் கார்களை வாங்கி, முழுமையாகப் புதுப்பித்துத் தன் முகவர்கள்வழி விற்றது. பாகக் கிடங்கு கையில் இருந்த நிறுவனத்திற்கே அது கட்டுப்படியாகவில்லை. சில டஜன் கார்களோடு திட்டம் நின்றது. ஆகவே, மலிவு என்று துருவேறிய காரை வாங்குவதைவிட, விலை கூடினாலும் கூடு நன்றாக உள்ளதும் சிறு பாகங்கள் குறையாததுமான காரை வாங்குவதே மேல் என்பது என் கருத்து. ஓடாத இயந்திரத்தைக் காட்டி விற்பவர் விலையைக் குறைப்பார். வாங்குபவர் பேரம் பேசவேண்டிய இடம் அது.

வண்டியைப் பிரிக்கத் தொடங்குமுன் ஒவ்வொரு பகுதியையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய திருகுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயரெழுதி வையுங்கள். பழைய பாகத்தை, புதியது பொருந்தும்வரை எறியாதீர்கள். உடைந்த பாகமும் அளவெடுக்க உதவும்.

பிரேக் பாகங்களில் மட்டும் பழையதைத் தேடி அலையவேண்டாம். அசல் பெட்டியில் திறக்காமல் இருந்த நாற்பதாண்டுப் பழைய பிரேக் ரப்பரைப் பெருமையாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பர் மூப்படைகிறது. பிரேக் குழாய், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வளையங்கள், பெட்ரோல் குழாய் ஆகிய மூன்றும் புதிதாகச் செய்தவையாகவே இருக்கட்டும். டயரும் அப்படியே. அதன் பக்கவாட்டில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். முதல் இரண்டும் வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் காட்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்தது. மூன்றே எண்கள் இருந்தால் அந்த டயர் 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது. அதன் தடங்கள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், அந்தக் காரை லாரியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவரவேண்டும்.