இரு கணினிகளுக்கிடையே அறுந்த கம்பி

விமானமொன்றின் உடலையும் அதனுள்ளே நரம்புகளாக ஓடும் மின்கம்பிகளையும் வெவ்வேறு பொறியியலாளர்களே வடிவமைக்கின்றனர். இவ்விரு சாராரின் கணினிகளும் ஒன்றையொன்று சரிவர விளங்கிக்கொள்ளத் தவறினால் விளைவு என்னவாகும்? ஐரோப்பாவின் எயார்பஸ் நிறுவனம் தயாரித்த ஏ380 விமானத்தின் வரலாறு இதற்கு விடை கூறுகின்றது.

உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானமான ஏ380, 2005 ஏப்ரல் 27ஆம் திகதி முதன்முதலாக வானில் பறந்தது. அதனுள் பொருத்தப்பட்ட கம்பிகளின் மொத்த நீளம் சுமார் 500 கிலோமீற்றர். உடற்பகுதிகள் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலிருந்து பிரான்சின் துலூஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கு ஒன்றிணைக்கப்பட்டன. அவ்வேளையிலேயே பல கம்பிகள் இணைப்பிடத்தை எட்டாது குறுகியிருப்பது தெரியவந்தது.

காரணம் வியப்புக்குரியது. பிரான்சிலும் பிரித்தானியாவிலும் கற்றியா என்னும் வடிவமைப்பு மென்பொருளின் ஐந்தாம் பதிப்பு பயன்பட்டது. ஜேர்மனியிலும் ஸ்பெயினிலும் நான்காம் பதிப்பே தொடர்ந்தது. ஐந்தாம் பதிப்போ பழையதன் திருத்தமன்று. அடிப்படையிலிருந்து புதிதாக எழுதப்பட்டதாகும். எனவே, ஒன்றில் வரைந்ததை மற்றொன்றுக்கு மாற்றுகையில் நுண்விபரங்கள் தவறிப்போயின.

கம்பியின் நீளத்தை அது செல்லும் பாதையே தீர்மானிக்கின்றது. சட்டத்திலுள்ள துளையொன்று சற்று விலகினாலும், கம்பி வளையும் கோணம் மாறினாலும் நீளம் மாறிவிடும். எடையைக் குறைப்பதற்காகச் சேர்க்கப்பட்ட அலுமினியக் கம்பிகளைச் செப்புக் கம்பிகளைப் போல் இறுக்கமாக வளைக்கவும் இயலாது. ஆகவே உடலமைப்பில் நேரும் ஒவ்வொரு மாற்றமும் மின்வரைபடத்தை உடனடியாகச் சென்றடைய வேண்டும். அந்தத் தொடர்பே அங்கு அறுந்திருந்தது.

ஹம்பேர்க்கிலிருந்து பெருந்தொகையான தொழிலாளர்கள் துலூஸ் சென்று, கம்பிகளைக் கையாலேயே மாற்றிப் பொருத்தினர். 2006 ஜூன் 14ஆம் திகதி தாய் நிறுவனத்தின் பங்கு விலை ஒரே நாளில் 26 சதவீதம் வீழ்ந்தது. அடுத்த மாதம் தாய் நிறுவனத்தின் இணைத் தலைவர் நோயல் போர்ஜாரும் எயார்பஸ் தலைவர் குஸ்தாவ் ஹும்பேர்ட்டும் பதவி விலகினர். 2010 வரையான இலாபத்தில் 4.8 பில்லியன் யூரோ குறையுமென ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 2007 பெப்ரவரியில் வெளியான சீரமைப்புத் திட்டமோ 10,000 தொழில்களைக் குறைக்க வகைசெய்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுத் தாமதத்தின் பின்னர், 2007 ஒக்டோபர் 15ஆம் திகதியே முதலாவது விமானம் சிங்கப்பூர் எயார்லைன்ஸிடம் கையளிக்கப்பட்டது.

கருவிகளை ஒன்றிணைப்பது பொறியியலாளர்களின் உள்வீட்டு விடயம் என்றே நிர்வாகங்கள் பெரும்பாலும் கருதுகின்றன. புதிய பதிப்புக்கு மாறுவதற்குச் செலவாகும். பழகிய கைகள் தயங்கும். ஒவ்வொரு மையமும் தன் வழக்கத்தையே பெரிதாக எண்ணும். ஆயினும் அந்தப் பிணக்கை வேலை தொடங்கும் முன்னரே தீர்க்கத் தலைமை துணிந்திருப்பின், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதன் விலையைச் செலுத்த நேர்ந்திராது. திரையில் தள்ளிப்போடப்பட்ட தீர்மானம், தொழிற்சாலையில் பன்மடங்கு வட்டியுடன் திரும்பி வந்தது.