அச்சுக்கூடத்திலிருந்து ஆட்சிமன்றத்துக்கு

பத்திரிகை நடத்தியோர் பலர் அரசியலிலே புகுந்ததுண்டு. ஆயின், தம்மைச் சிறைக்கு அனுப்ப எழுந்த வழக்கே வாயிலாக அமைய, அதன் வழியே புகுந்தவர் சிலரே. அவருள் ஒருவர், கனடாவின் கீழ்க்கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஜோசப் ஹௌ என்பார்.

1804-ஆம் ஆண்டில் ஹாலிபாக்ஸ் நகரிலே பிறந்தார். தந்தையார் அரசாங்க அச்சகர். மகன் பதின்மூன்றாம் வயதிலேயே அவருக்குத் துணையாக வேலையில் இறங்கிவிட்டார். அந்த வயதில் ஏட்டை மூடிவிட்டு வேலைக்காட்டுக்குப் போன பிள்ளைகளை எம்போன்ற தோட்டத்துப் பள்ளி ஆசிரியர்கள் நிறையவே கண்டிருக்கிறோம். அவர்களுக்கு அச்சுக்கூடம் வாய்க்கவில்லை.

1827-ஆம் ஆண்டின் இறுதியில் 'நோவாஸ்கோஷியன்' என்னும் தாளை ஹௌ விலைக்கு வாங்கினார். அக்காலத்தில் ஹாலிபாக்ஸ் நகரை ஆண்டவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அல்லர். மேலிருந்து நியமனம் பெற்ற மாஜிஸ்திரேட்டுகள். இவர்களும் போலீசாரும் முப்பது ஆண்டுகளில் ஜனங்களிடமிருந்து 30,000 பவுனுக்கு மேல் முறைகேடாகப் பறித்துவிட்டனர் என்று குற்றஞ்சாட்டும் ஒரு கடிதம், 1835 ஜனவரி முதல் நாள் அவர் தாளிலே வெளியாயிற்று. எழுதியவர் பெயர் 'மக்கள்' என்றே இருந்தது. வழக்கு வெளியிட்டவர்மீது பாய்ந்தது.

இங்கே சட்டத்தின் போக்கை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்நாளைய அவதூறுச் சட்டத்தில், எழுதியது உண்மை என்பது எதிர்வாதம் ஆகாது. அச்சிட்டது மெய்ப்பட்டால் குற்றம் முடிந்தது. வக்கீல்கள் கைவிரித்தனர். ஹௌ சட்ட நூல்களை இரவல் வாங்கிப் படித்துத் தாமே வாதாடினார். தமக்குத் தீய நோக்கம் இல்லை என்று காட்டலாம் அல்லவா? அதைக் காட்டும் சாக்கில், மாஜிஸ்திரேட்டுகளின் ஊழல் அனைத்தையும் ஜூரிகள்முன் கொட்டிவிட்டார்! பேச்சு ஆறு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. குற்றவாளியே என்று நீதிபதி ஜூரிகளுக்கு எடுத்துரைத்தும், பத்தே நிமிடத்தில் அவர்கள் விடுதலைத் தீர்ப்பு அளித்தனர். சட்டம் மாறவில்லை, தீர்ப்புத்தான் மாறியது. பின்னர் 1840-இல் அந்நீதிபதியின் மகனே ஹௌவைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். அவர் குண்டு தவறியது. ஹௌ வானத்தை நோக்கிச் சுட்டார்.

1836-இல் சட்டசபை உறுப்பினரானார். சபையின் நம்பிக்கை பெற்றவரே ஆள வேண்டும் எனப் போராடினார். 1848-இல் நோவா ஸ்கோஷியா, பிரிட்டனின் கடல்கடந்த குடியேற்றங்களிலே பொறுப்பாட்சி பெற்ற முதலாவதாயிற்று. 1860 முதல் 1863 வரை அவரே பிரதமர்.

பிற்பகுதி அத்துணை இனியதன்று. 1867-இல் எழுந்த கனடியக் கூட்டாட்சியை அவர் கடுமையாக எதிர்த்தார். மாகாணத்தின் 19 கூட்டாட்சித் தொகுதிகளில் 18 அவர் அணிக்கே கிடைத்தன. ஆயினும் இலண்டன் இணங்கவில்லை. 1869-இல், மாகாணத்துக்குக் கூடுதல் நிதி பெற்றுக்கொண்டு, கூட்டாட்சி அமைச்சரவையிலேயே ஹௌ சேர்ந்தார். வேறு வழி இருந்ததாக எமக்குத் தோன்றவில்லை. ஆனால் அன்றைய மக்கள் பலர் அப்படிக் கருதவில்லை. ஒரு காலத்தில் அவரே ஆசிரியராயிருந்த 'மார்னிங் கிரானிக்கிள்' தாளும் அவரைத் தாக்கி எழுதிற்று. குளிர்காலத்து இடைத்தேர்தலில் வென்றார்; உடல்நலத்தை இழந்தார். 1873 மே மாதம் மாகாண ஆளுநராய்ப் பதவியேற்று, சில வாரங்களில், ஜூன் முதல் நாள் ஆளுநர் மாளிகையிலேயே காலமானார்.