ஸ்பென்சர் அங்காடியும் திருச்சிச் சுருட்டும்

மளிகை, மருந்து, மது, துணி எனத் தனித்தனிப் பிரிவுகளை ஒரே நிர்வாகத்தின்கீழ் அமைத்து, விலையை முன்னரே வரையறுத்து விற்கும் பெருங்கடையே பல்பொருள் அங்காடியாகும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் போன்ற நகரங்களில் உருப்பெற்ற இம்முறையைச் சென்னை மவுண்ட் ரோட்டில் நிலைநிறுத்தியது, 1860களில் தொடங்கப்பட்ட ஸ்பென்சர் நிறுவனம். அதன் உரிமையாளரான யூஜின் ஓக்‌ஷாட் அதைப் பெரிதாக்கினார். 1890களில் போக்சன் வடிவமைத்த இந்தோ-சாரசனிக் கட்டடத்துக்கு அது குடிபெயர்ந்தது.

அங்காடியின் சரக்கில் பெரும்பங்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தபோது, எதிர்த்திசையில் சென்ற தமிழ்நாட்டுப் பொருள்களுள் பெயர்பெற்றது திருச்சிச் சுருட்டு. காவிரியின் தென்கரையில் உள்ள உறையூர் இத்தொழிலின் நிலைக்களம். இலை திண்டுக்கல் வட்டாரத்தில் விளைந்தது. ஸ்பென்சர் நிறுவனமும் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது.

சுருட்டு தாளில் அன்றி இலையிலேயே சுற்றப்படுவது. இருமுனையும் வெட்டுண்டு திறந்திருப்பதால், நுனி மூடிய சிகாரிலிருந்து வேறுபடுவது. அறுத்த இலையை உலர்த்தி அம்பாரமாக அடுக்கினால் உள்ளே சூடேறும். அவ்வப்போது பிரித்து மாற்றி அடுக்கும்போது நிகழும் வேதிமாற்றத்தால் காரம் தணிந்து மணம் கூடும். இதுவே பாடம் செய்தல். பின்னர் நடுநரம்பை நீக்கி, உள்ளிலைகளை நீளவாக்கில் திரட்டி, ஈரப்பதமுள்ள மேலிலையைச் சாய்வாகச் சுற்றி ஒட்டுவர். இறுக்கம் மிகுந்தால் புகை வராது, தளர்ந்தால் விரைந்து எரியும் என்பதால், அளவை அறிவது விரல்களே. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், சாம்பலைக் கண்டே திருச்சிச் சுருட்டென்று துப்பறிவாளர் அடையாளம் காணும் அளவுக்கு இதன் பெயர் இலண்டன் வாசகர்களுக்குப் பழகியிருந்தது.

சிகரெட்டும் பீடியும் பரவியபின் சந்தை சுருங்கியது. கருப்பண்ணசாமி, மதுரைவீரன் போன்ற காவல் தெய்வங்களுக்குப் படையலாகச் சுருட்டு இன்றும் வைக்கப்படுகிறது. புகையிலையின் கேடு ஐயமின்றி நிறுவப்பட்டுவிட்டதால், அதன் நுகர்வு குறைவது நன்றே. எனினும், ஸ்பென்சரின் வரலாறு உரிமையாளர்களையும் கட்டடத்தையும் மட்டுமே சொல்லி முடிந்தால் அது பாதி வரலாறே. அங்காடிகளின் கண்ணாடிப் பெட்டிகளில் இத்தகைய சரக்கு இடம்பெறக் காரணமான உறையூர், திண்டுக்கல் தொழிலாளரின் கைத்திறனும் அதில் இடம்பெற வேண்டும்.